நாள்பட்ட இளைப்பு நோயும் பக்கவாதமும்: வீடு வீடாகப் போகும்போது எதைக் கவனிப்பது?

கோரையாறு:

நீடாமங்கலம், கூத்தாநல்லூர் பக்கக் கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கும் வேலை எனக்கு. சீட்டில் ‘சிஓபிடி’ (மூச்சுக்குழாய் சுருங்கி மூச்சு வாங்கும் நாள்பட்ட இளைப்பு நோய்) என்று எழுதியிருப்பவர்கள் என் பட்டியலில் நிறைய. ஆண்களில் பெரும்பாலோர் பீடி, சுருட்டுப் பழக்கம் உள்ளவர்கள். பெண்களில் பலர் புகையிலையே தொடாதவர்கள். சீமைக்கருவேல விறகும் தென்னை மட்டையும் வைத்துக் காலமெல்லாம் அடுப்பூதியவர்கள். இவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு கூடுதல் என்று பயிற்சியில் சொன்னார்கள். அதற்கு மேல் விவரம் கிடைக்கவில்லை.

பீடியால் இரண்டும் வருகிறதா, அல்லது நுரையீரல் நோயே மூளை வரை போகிறதா? எந்தச் சமயத்தில் ஆபத்து கூடுதல்? என் பையில் இருப்பது பிரஷர் மிஷின், குளுக்கோமீட்டர், விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்சிமீட்டர். இவற்றை வைத்து எதை முன்கூட்டியே பிடிக்க முடியும்? வாதம் வந்து வீடு திரும்பியவர்களால் இன்ஹேலரை இழுக்க முடிவதில்லை, அந்தக் குடும்பங்களுக்கு என்ன சொல்வது?

வெண்ணாறு (நெஞ்சக மருத்துவம்):

இரண்டுமே உண்மை, ஆனால் பங்கு வேறு. நெதர்லாந்தில் ரோட்டர்டாம் நகரத்துப் பெரியவர்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், சிஓபிடி உள்ளவர்களுக்குப் பக்கவாதம் சுமார் 20% கூடுதலாக வந்திருந்தது. புகைப்பழக்கத்தைக் கணக்கில் சேர்த்ததும் அந்த வித்தியாசம் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. ஆக, சாதாரண நாட்களில் பெரும்பங்கு புகையுடையது. அதே ஆய்வில் இன்னொரு விஷயம் இருக்கிறது, உங்கள் வேலைக்கு அதுதான் முக்கியம். நோய் திடீரென்று கடுமையாக முற்றிய பிறகு வரும் 7 வாரத்தில் பக்கவாத ஆபத்து ஆறு மடங்குக்கு மேல் போயிருந்தது. நோயாளிகளின் எண்ணிக்கை சிறியது, அதனால் ஆறு என்ற எண்ணை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். பிரிட்டன் மருத்துவப் பதிவுகளை வைத்து 2010-இல் செய்த ஆய்வில், லேசான முற்றல்களையும் சேர்த்து, 49 நாள் வரை 26% கூடுதல் என்று வந்தது. எண் வேறு, திசை ஒன்று: இளைப்பு முற்றிய அடுத்த ஒன்றரை மாதம்தான் கண்காணிக்க வேண்டிய காலம்.

ஏன் அப்படி? சளித்தொற்று வந்ததும் ஃபைப்ரினோஜன் போன்ற உறைதலுக்கு உதவும் புரதங்கள் ரத்தத்தில் ஏறுகின்றன, தட்டணுக்கள் எளிதில் ஒட்டிக்கொள்கின்றன. ஆக்சிஜன் இறங்குகிறது, நாடி ஏறுகிறது, பிரஷர் ஏறுகிறது. ஏற்கெனவே கொழுப்புப் படிந்த கழுத்து ரத்தக்குழாயில் படிவு வெடிக்க இது போதும். ஆளோ படுத்த படுக்கை, சாப்பாடும் தண்ணீரும் குறைவு. நெபுலைசரில் (மருந்தைப் பனிபோல் ஆக்கி இழுக்கவைக்கும் மிஷின்) அடிக்கடி போகும், மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் நாடியை இன்னும் விரட்டும். ஸ்டீராய்டு மாத்திரை சுகரை ஏற்றும். இந்த நெருக்கடியில் இதயத்தின் மேலறை ஒழுங்கில்லாமல் துடிக்க ஆரம்பித்தால் அங்கே ரத்தம் தேங்கி உறைந்து கட்டியாகி மூளைக்குப் போகிறது.

மெதுவான வழி ஒன்றும் உண்டு. வருடக்கணக்கில் ஆக்சிஜன் குறைவாகவே இருந்தால், அதை ஈடுகட்ட உடம்பு சிவப்பணுக்களைக் கூடுதலாக உற்பத்தி செய்யும். ரத்தம் வண்டல் கலந்த வாய்க்கால் தண்ணீர் மாதிரி கெட்டியாகும். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் ‘ஹிமட்டோகிரிட்’ (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) என்ற வரியைப் பாருங்கள். 55-க்கு மேல் இருந்தால் நெஞ்சக மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். கால் வீக்கத்துக்கு நீர் மாத்திரை சாப்பிடுகிறவர் சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் இது இன்னும் மோசமாகும்.

அடுப்பூதிய பெண்களைப் பீடி இல்லை என்பதால் ஆபத்து குறைந்தவர்கள் பட்டியலில் போட்டுவிடாதீர்கள். விறகுப் புகையின் நுண்துகள் பிரஷரை ஏற்றுவதும் ரத்தக்குழாயை விறைக்க வைப்பதும் நிறுவப்பட்டவை. வீட்டுக்குள் இருக்கும் புகையைப் பக்கவாதத்தின் காரணங்களில் ஒன்றாக உலக சுகாதார நிறுவனமே வைத்திருக்கிறது.

இனி உங்கள் பை. முதல் கருவி உங்கள் மூன்று விரல்கள். மணிக்கட்டில் வைத்து முழு 60 விநாடி எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் ஒழுங்கின்மை தப்பிவிடும். துடிப்புகளுக்கு நடுவே இடைவெளி தாறுமாறாக இருந்தால் அந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்தில் இசிஜி எடுக்கச் சொல்லுங்கள். ஆக்சிமீட்டர் காட்டும் நாடி எண் ஒரு சராசரி, ஒழுங்கைச் சொல்லாது.

பிரஷரை நெபுலைசர், பீடி, காபி முடிந்து அரை மணி கழித்து, முதுகைச் சாய்த்து 5 நிமிடம் உட்கார வைத்த பிறகு பாருங்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. நாடி தாறுமாறாக இருப்பவருக்கு மூன்று முறை எடுத்துச் சராசரி போடுங்கள். ஆக்சிமீட்டருக்குக் கை சூடாக இருக்க வேண்டும், நகத்தில் மருதாணி, சாயம் கூடாது, எண் நிலைக்கும் வரை ஒரு நிமிடம் விட வேண்டும். ஒவ்வொருவருக்கும் நல்ல நாளில் எடுத்த அளவை நோட்டில் எழுதி வையுங்கள். 91-லேயே வருடக்கணக்கில் இருக்கிறவருக்கு 91 பயமில்லை. 95-இல் இருந்தவர் 91 வந்தால் ஏதோ நடக்கிறது. தன் வழக்கத்திலிருந்து 3 புள்ளி இறங்கினாலோ, 88-க்குக் கீழே போனாலோ அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

முற்றல் தொடங்குவதைச் சொல்லும் மூன்று கேள்விகள்: மூச்சிரைப்பு கூடியிருக்கிறதா, சளி கூடியிருக்கிறதா, அதன் நிறம் மஞ்சள் அல்லது பச்சையாக மாறியிருக்கிறதா. நம் பக்கம் தையில் இதைக் கூடுதலாகக் கேளுங்கள். சம்பா அறுவடை, கதிரறுக்கும் மிஷினின் தூசி, கொள்முதல் நிலையத்தில் நெல் தூற்றுவது, அதற்குச் சற்று முன்பு போகிப் புகை, விடியற்காலைப் பனி எல்லாம் ஒரே மாதத்தில் வந்து நிற்கின்றன.

ஒன்று பாக்கி. சீட்டில் எழுதியிருப்பதெல்லாம் சிஓபிடி ஆகாது. சால்பியூட்டமால் 400 மைக்ரோகிராம் இழுத்து 15 நிமிடம் கழித்து ஊதவைக்கும் ஸ்பைரோமெட்ரியில், முதல் விநாடியில் வெளியேறும் காற்று மொத்தத்தில் 0.70-க்குக் கீழே இருந்தால்தான் அந்தப் பெயர் பொருந்தும். பழைய காசநோய்த் தழும்பு, ஆஸ்துமா, இதயம் பலவீனமாகி வரும் இளைப்பு மூன்றும் இந்தப் பெயரில் ஒளிந்திருக்கும். இதய இளைப்புக்கு இன்ஹேலர் மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் பக்கவாதம் தடுக்கப்படாது. ஊதிப் பார்க்காதவர்களைத் தனியாகக் குறித்து அனுப்புங்கள்.

பாமணி (பக்கவாத வார்டு செவிலியர்):

வெண்ணாறு சொன்னது வருமுன் காப்பது. வந்துவிட்டால் என்ன செய்வது என்பதில் இளைப்பு நோயாளிகளிடம் ஒரு தனிச் சிக்கல் உண்டு. பேச்சு தடுமாறினால் வீட்டார் ‘மூச்சு வாங்குது, அதான் பேச முடியலை’ என்று நெபுலைசரை வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். மணிக்கணக்கில் நேரம் போய்விடும்.

வித்தியாசம் கண்டுபிடிக்கலாம். மூச்சு வாங்குகிறவர் துண்டு துண்டாகப் பேசுவார், ஆனால் ஒவ்வொரு சொல்லும் சுத்தமாக இருக்கும். வாதம் வந்தவருக்குச் சொல்லே குழறும், அல்லது வேறு சொல் வரும், அல்லது நீங்கள் சொல்வது புரியாது. ‘ஆடிப்பெருக்குக்கு ஆற்றங்கரை போனோம்’ என்று திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். சிரிக்கச் சொல்லி வாய் ஒரு பக்கம் கோணுகிறதா பாருங்கள். கண்ணை மூடி இரண்டு கையையும் முன்னால் நீட்டி 10 விநாடி வைக்கச் சொன்னால் பலவீனமான கை தானாகக் கீழே இறங்கும். திடீரென்று ஒரு பக்கப் பார்வை போவதும், நிற்க முடியாமல் தள்ளாடுவதும் இதில் சேரும்.

இன்னொரு குழப்பம் கரியமில வாயு தேங்குவது. காலையில் தலைவலி, பகலெல்லாம் தூக்கம், குழப்பமான பேச்சு, கையை நீட்டினால் இரண்டு கையும் படபடவென்று அடிப்பது. இதுவும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதான். ஆனால் இது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். ஒரு பக்கம் மட்டும் விழுந்தால், ஆஸ்பத்திரியில் மருத்துவர் இல்லை என்று சொல்லும்வரை அது பக்கவாதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆக்சிமீட்டர் கரியமில வாயுவைக் காட்டாது. 93 காட்டுகிறது என்பதற்காக விட்டுவிடக் கூடாது. குளுக்கோமீட்டரில் ஒரு சொட்டுப் பாருங்கள். சுகர் 70-க்குக் கீழே இறங்கினாலும் கை கால் விழுந்த மாதிரியே தெரியும்.

நேரம்: மூளைக் குழாயை அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி 4.5 மணி நேரத்துக்குள். கணக்கு தொடங்குவது நீங்கள் கண்டுபிடித்த நேரத்திலிருந்து இல்லை, அவர் கடைசியாக நன்றாக இருந்ததை யாராவது பார்த்த நேரத்திலிருந்து. காலை எழும்போதே கோணியிருந்தால் இரவு படுத்த நேரத்தைச் சொல்லுங்கள். பெரிய ரத்தக்குழாய் அடைத்தவர்களில் சிலருக்குக் குழாய் வழியாகக் கட்டியை எடுப்பது 24 மணி வரை முடியும், அதனால் 4.5 தாண்டிவிட்டது என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள். மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். 108-இல் ‘மயக்கம்’ என்று சொல்லாமல் ‘பக்கவாதம், இத்தனை மணிக்கு ஆரம்பித்தது’ என்று சொல்லுங்கள், சிடியும் ஊசியும் இருக்கும் இடத்துக்கே கேளுங்கள். நடுவில் சிடி இல்லாத இடத்தில் இறக்கி ஏற்றுவதில்தான் பாதி நேரம் கரைகிறது.

வாயில் எதுவும் கொடுக்க வேண்டாம். காபி, தண்ணீர், ஆஸ்பிரின் எதுவுமே. ரத்தக்கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் கெடுக்கும், சிடி எடுக்காமல் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. புறா ரத்தம் தடவுவது, எண்ணெய் போட்டு உருவுவது, இதற்காக ஒரு நிமிடம்கூடச் செலவழிக்க விடாதீர்கள். இதை வாதம் வராத வீட்டிலும் இன்றைக்கே சொல்லி வைக்க வேண்டும். வந்த அன்றைக்கு யாரும் கேட்க மாட்டார்கள்.

இளைப்பு நோயாளியைத் தட்டையாகப் படுக்கவைத்தால் மூச்சு முட்டும். தலைப்பக்கம் 30 டிகிரி உயர்த்துங்கள். வாந்தியோ அரை மயக்கமோ இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மாத்திரை அட்டைகள், இன்ஹேலர் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அனுப்புங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு என்பதையும் எழுதுங்கள், ஊசி போடலாமா என்பதே அதைப் பொறுத்தது.

கோரையாறு:

ரொம்ப நன்றிங்க. ஒரு சந்தேகம். சில வீடுகளில் ஆக்சிஜன் மிஷின் இருக்கிறது. வாதம் வந்தால் மூளைக்கு ஆக்சிஜன் வேண்டும் என்று 5 லிட்டருக்குத் திருப்பிவிடலாமா என்று கேட்கிறார்கள்.

வெண்ணாறு:

கூடாது. நாள்பட்ட சிஓபிடியில், கரியமில வாயு தேங்கக்கூடியவருக்கு அளவு கடந்த ஆக்சிஜன் கொடுத்தால் அது இன்னும் தேங்கி ஆள் மயங்கிவிடுவார். ஆக்சிமீட்டரில் குறி 88 முதல் 92 வரை. அதற்குத் தேவையான அளவு மூக்குக் குழாயில் பெரும்பாலும் 1 அல்லது 2 லிட்டர்தான். சிஓபிடி இல்லாத பக்கவாத நோயாளிக்கே 94-க்கு மேல் இருந்தால் கூடுதல் ஆக்சிஜன் தேவையில்லை என்பதுதான் வழிமுறை. ஆம்புலன்ஸ் ஊழியரிடம் ‘இவருக்குச் சிஓபிடி’ என்று முதல் வாக்கியத்திலேயே சொல்ல வேண்டும்.

நேர்மாறான தவறும் நடக்கிறது: மிஷின் இருந்தும் மூச்சு வாங்கும்போது மட்டும் பத்து நிமிடம் வைத்துக்கொள்வது. ரத்தம் கெட்டியாவதைத் தடுக்க, எழுதிக் கொடுக்கப்பட்டவர்கள் ஒரு நாளில் குறைந்தது 15 மணி நேரம் வைக்க வேண்டும், தூக்கத்தையும் சேர்த்து. சாமி விளக்கு, கற்பூரம், அடுப்பு, கொசுவத்தி எல்லாம் 10 அடிக்கு அப்பால். மிஷின் கரண்டில் ஓடுவது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது வேதாரண்யம் பக்கம் எத்தனை நாள் கரண்ட் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஐப்பசிக்கு முன்பே மாற்று சிலிண்டருக்கு ஏற்பாடு இருக்கிறதா என்று கேளுங்கள்.

அரசலாறு (மருந்தாளுநர்):

மருந்துப் பக்கம் யாரும் தொடாததால் எழுதுகிறேன். உங்கள் பட்டியலில் மூச்சுக்குழாயை விரிக்கும் தியோஃபிலின் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களைத் தனியாகக் குறியுங்கள். இதில் பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறுகல். சிப்ரோஃப்ளாக்சசின், கிளாரித்ரோமைசின் போன்ற ஆண்டிபயாட்டிக் சேர்ந்தால் ரத்தத்தில் தியோஃபிலின் ஏறும். பீடியை நிறுத்தினாலும் ஏறும், ஏனென்றால் புகை கல்லீரலை முடுக்கி இந்த மருந்தை வேகமாக அழித்துக்கொண்டிருந்தது. வாதம் வந்து வார்டில் படுத்ததும் பீடி தானாக நின்றுவிடுகிறது, மாத்திரை பழைய அளவிலேயே போகிறது. வாந்தி, படபடப்பு, ஒழுங்கற்ற நாடி, வலிப்பு வரை போகலாம். பீடியை விடச் சொல்லுங்கள், ஆனால் விட்டதை மருத்துவரிடம் சொல்லி அளவைக் குறைக்கச் சொல்லுங்கள். விட உதவி வேண்டுமென்றால் 1800 112 356 என்ற இலவச எண் இருக்கிறது.

பிரஷருக்கோ நாடிக்கோ பீட்டா தடுப்பான் (இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை) எழுதினால் ‘இளைப்புக்காரருக்கு ஆகாது’ என்று சிலர் நிறுத்திவிடுகிறார்கள். மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால் பெரும்பாலான சிஓபிடி நோயாளிகளுக்குக் கொடுக்கக்கூடியவை. தவிர்க்க வேண்டியது ப்ரொப்ரனலால். யாரும் நினைத்துப் பார்க்காதது கண் அழுத்தத்துக்குப் போடும் டிமோலால் சொட்டு மருந்து. கண்ணில் விட்டாலும் ரத்தத்தில் கலந்து மூச்சுக்குழாயைச் சுருக்கும். இளைப்பு காரணமில்லாமல் கூடினால் கண் மருந்தையும் கேளுங்கள்.

கடையில் கேட்டு வாங்கும் ஜலதோஷ மாத்திரைகளில் ஃபினைல்எஃப்ரின் இருக்கும், பிரஷரை ஏற்றும். நடவு, அறுவடை முடிந்து இடுப்புவலிக்குத் தினமும் டைக்ளோஃபினாக் சாப்பிடுவதும் அப்படியே. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்குச் சளிக்கு எந்த ஆண்டிபயாட்டிக் கொடுத்தாலும் சில நாளில் ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்ற பரிசோதனை) பார்க்க வேண்டும். முற்றலுக்கு எழுதும் ஸ்டீராய்டு பொதுவாக பிரெட்னிசலோன் 40 மி.கி., 5 நாள். பழைய சீட்டைக் காட்டி மாதாமாதம் வாங்கிச் சாப்பிடுகிறவர்களிடம் சுகரையும் பிரஷரையும் நீங்கள்தான் பார்க்கப் போகிறீர்கள். திடீரென்று நிறுத்தவும் சொல்லாதீர்கள். நெடுநாள் சாப்பிட்டவருக்குப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

விழுங்க முடியாதவருக்கு எல்லா மாத்திரையையும் இடித்துக் கரைக்கிறார்கள். நீண்ட நேரம் வேலை செய்யும் தியோஃபிலினை இடித்தால் முழு நாள் மருந்தும் ஒரே நேரத்தில் இறங்கும். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் டாபிகட்ரான் கேப்ஸ்யூலைப் பிரிக்கவே கூடாது. மேற்பூச்சு போட்ட ஆஸ்பிரினுக்குப் பதில் பூச்சில்லாதது வாங்கலாம். எது இடிக்கலாம் என்று அட்டையைக் காட்டிக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

வடவாறு (இயன்முறை மற்றும் விழுங்கும் பயிற்சி):

இன்ஹேலர் கேள்விக்கு வருகிறேன். கேப்ஸ்யூல் போட்டு இழுக்கும் வகைக்கு உதடு இறுகப் பிடிக்க வேண்டும், வேகமாக இழுக்க வேண்டும், பொருத்த இரண்டு கை வேண்டும். வாய் கோணி ஒரு கை விழுந்தவரிடம் இந்த மூன்றும் இருக்காது. கேப்ஸ்யூலை மாத்திரை என்று விழுங்கிவிடுவதும் நடக்கிறது. மருத்துவரிடம் சொல்லி அதே மருந்தை ஸ்ப்ரே வகையாக, முகமூடி வைத்த ஸ்பேஸரோடு (ஸ்ப்ரே மருந்தைப் பிடித்து வைக்கும் குழல்) மாற்றிக் கேளுங்கள். நிமிர்ந்து உட்கார வைத்து, ஸ்ப்ரேயை நன்றாகக் குலுக்கி, முகமூடியை மூக்கும் வாயும் மூடும்படி அழுத்திப் பிடித்து, ஒரே ஒரு அழுத்து. ஐந்தாறு சாதாரண மூச்சு. அடுத்த அழுத்துக்கு அரை நிமிடம் கழித்து மறுபடி குலுக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து அடித்தால் மருந்து ஸ்பேஸர் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் அலசி, துடைக்காமல் காற்றில் உலர விடுங்கள். துணியால் துடைத்தால் மின்னேற்றம் உண்டாகி அதுவும் மருந்தைப் பிடித்துக்கொள்ளும். ஸ்டீராய்டு கலந்த மருந்து என்றால், கொப்பளிக்க முடியாதவருக்கு ஈரத்துணியால் நாக்கையும் கன்னத்தின் உட்புறத்தையும் துடைத்து, முகமூடி பட்ட முகத்தையும் துடைத்துவிடுங்கள்.

இதைவிட ஆபத்து சாப்பாட்டில். விழுங்கும்போது எல்லோரும் ஒரு கணம் மூச்சை நிறுத்துகிறோம். மூச்சுக்கு ஏங்குகிறவரால் அந்த ஒரு கணம் தர முடியாது. வாதத்தில் தொண்டையும் பலவீனமானால் உணவு நுரையீரலுக்குள் போகிறது. அந்த நிமோனியா அடுத்த முற்றலாகிறது, வெண்ணாறு சொன்ன 7 வாரக் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. விழுங்கும் பரிசோதனை செய்து ஆஸ்பத்திரியில் சரி என்று சொன்ன பிறகே வாய் வழியே கொடுக்க வேண்டும்.

நிமிர்ந்து உட்கார வைத்து, மோவாயைச் சற்றுக் கீழே இறக்கி, டீஸ்பூனில் அரை அரையாக. முதல் வாய் இறங்கிய பிறகே அடுத்தது. நிமிடத்துக்கு 25-க்கு மேல் மூச்சு வாங்கினால் அந்த வேளை காத்திருங்கள். நெபுலைசரைச் சாப்பாட்டுக்குக் கால் மணி முன்பே முடித்துவிடுங்கள். மூக்கில் ஆக்சிஜன் ஓடினால் சாப்பிடும்போது கழற்ற வேண்டாம். நீர்மோர், காபி, தெளிந்த ரசம் மூன்றும் வேகமாகத் தொண்டையைத் தாண்டும், கடினம். கெட்டியாக மசித்த கஞ்சி எளிது. ரசம் சாதத்தை இளக்கமானது என்று நம்பித் தருகிறார்கள். தண்ணீர் ஒரு வேகத்திலும் பருக்கை ஒரு வேகத்திலும் போவதால் அதுதான் மிகச் சிரமமானது. ஒரே பதமாக மசித்துக் கொடுங்கள். சாப்பிட்டு அரை மணி உட்கார்ந்திருக்க வேண்டும். குரல் ஈரமாகக் கரகரத்தால், சாப்பிட்டதும் இருமினால் நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். இருமலே இல்லாமலும் உள்ளே போகலாம், அதனால் திடீர்க் காய்ச்சலையும் கணக்கில் வையுங்கள். காலை இரவு பல், நாக்கு சுத்தம் செய்வது அந்த நிமோனியாவைக் குறைக்கும்.

கோரையாறு:

இளைப்பு முற்றி ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர்களை எத்தனை நாளைக்கு ஒருமுறை பார்க்கலாம்? என் வழக்கமான சுற்று மாதம் ஒருமுறைதான்.

வெண்ணாறு:

இவர்களுக்கு மாதம் ஒருமுறை போதாது. வீடு திரும்பி 3 நாளுக்குள் ஒருமுறை, பிறகு 7 வாரம் வரை வாரம் ஒருமுறை, ஒவ்வொரு முறையும் நாடி 60 விநாடி, பிரஷர், ஆக்சிஜன், சளி நிறம். ஸ்டீராய்டு சாப்பிடும் நாளில் சுகர். நேரில் போக முடியாத வாரத்தில் போனில் அந்த மூன்று கேள்வியையாவது கேளுங்கள். மருத்துவரிடம் மறுபார்வை 4 வாரத்துக்குள் ஒன்று, மூன்று மாதத்தில் இன்னொன்று. பக்கவாதம் ஏற்கெனவே வந்தவருக்குப் பிரஷர் 130/80-க்குக் கீழே இருப்பது இலக்கு. கருவாடு, ஊறுகாய், அப்பளத்தின் உப்பைப் பற்றி அங்கேயே பேசிவிடுங்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராம், ஒரு டீஸ்பூன். வருடாந்திர ஃப்ளூ தடுப்பூசியை வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு, புரட்டாசிக்குள் போட்டுக்கொள்வது நல்லது. நிமோனியாவைத் தடுக்கும் நிமோகாக்கஸ் தடுப்பூசி போட்டாயிற்றா என்பதையும் அதே நோட்டில் ஒரு கட்டமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.